ஓடுவதில் விரைவு, எழுவதில் சுணக்கம்

பலெர்மோவிலிருந்து செபலூவுக்குப் புகைவண்டியில் செல்லும் எமது பிள்ளைகள், தெர்மினி இமெரேசெ நிலையத்தைக் கடந்த பின்னர் கடலுக்கும் மலைக்கும் நடுவே நேராகக் கிடக்கும் ஒரு வீதியைக் கண்டிருப்பார்கள். போன்போர்னெல்லோ என்னும் அந்த நேர்வீதி ஆறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. உலகின் மிகப் பழைய கார்ப் பந்தயங்களுள் ஒன்றான தார்கா புளோரியோவின் பாதையில் அதுவும் ஒரு பகுதி. வின்சென்சோ புளோரியோ என்பவர் 1906 ஆம் ஆண்டில் இப்பந்தயத்தைத் தொடக்கினார். மதோனியே மலைகளைச் சுற்றி ஏறத்தாழ 148 கிலோமீற்றர் கொண்ட பாதையை மூன்று தடவை வலம்வர வேண்டும். முதலாம் ஆண்டு வென்ற அலெசாந்த்ரோ காஞ்ஞோவுக்கு அதற்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பின்னாளில் பாதை 72 கிலோமீற்றராகச் சுருங்கியது. 1977 உடன் அந்த வேகப் பந்தயம் முடிவுற்று, ஒழுங்கு மாறிய ‘ரலி’யாக இன்றும் அதே பெயரில் நடந்து வருகிறது.

இப்பந்தயத்தை மூன்று முறை, 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் வென்ற நினோ வக்கரெல்லா பலெர்மோவிலே பிறந்தவர். அவர் ஒரு பாடசாலையின் அதிபராகவும் இருந்தார் என்பதனால் அவரைப் ‘பறக்கும் அதிபர்’ என்று இந்நகர மக்கள் அன்போடு அழைத்தனர். வாரநாட்களில் பாடசாலையும் ஏனைய நாட்களில் பந்தயமுமாக வாழ்ந்த அம்மனிதரை, ஒருகாலத்தில் கரும்பலகையின் முன் நின்ற எமக்குச் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். 2021 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

தார்கா புளோரியோவில் கார்கள் யாவும் ஒருங்கே புறப்படுவதில்லை. ஒடுங்கிய மலைவீதியாதலால் குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. அவரவர்க்குரிய நேரம் வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கார் எழுந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பிரான்சின் லு மான் பந்தயத்திலோ 1969 வரையில் வேறொரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர்கள் வீதியின் ஒரு பக்கத்தில் நிற்பர். கார்கள் மறுபக்கத்தில் நிற்கும். கொடி அசைந்ததும் ஓடிச்சென்று, பாய்ந்தேறி, திறப்பைத் திருப்ப வேண்டும். வக்கரெல்லா 1964 இல் அப்பந்தயத்தை வென்றதும் அம்முறை வழக்கிலிருந்த காலத்திலேதான். மணிக்கு 250 கிலோமீற்றர் ஓடவல்ல காராயினும் எழுவதற்குச் சுணங்கினால் மற்றவற்றின் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், சென்ற ஆண்டு கோடையில் அவ்வாறு சுணங்கிய ஒரு காரினால் எமது பாடசாலைப் பெற்றோர் ஒருவருக்குப் பெரும் இக்கட்டு நேர்ந்தது. அவர் மொண்டெல்லோக் கடற்கரைக்கு அண்மையிலுள்ள ஒரு பெரிய மாளிகையில் பராமரிப்பாளராக வேலை செய்பவர். வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளிலே குடும்பத்துடன் வாழ்பவர். வேலை போனால் உறைவிடமும் போகும், வதிவிட அனுமதி புதுப்பிப்பதும் சிக்கலாகும் என்பதை இந்நாட்டிலுள்ள எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. வீட்டுக்காரரிடம் அறுபதுகளின் இறுதியில் செய்யப்பட்ட, இருவர் மாத்திரம் அமரக்கூடிய, கூரை திறக்கும் சிவப்புக் கார் ஒன்றுண்டு. அவர் வட இத்தாலியில் இருக்கும் காலங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதனை எழுப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது எமது அன்பரின் கடமைகளுள் ஒன்று.

வீட்டுக்காரர் ஆடி மாதத்தில் வந்து திறப்பைத் திருப்பினார். கார் முனகியது, எழவில்லை. வெகுநேரத்தின் பின்னரே எழுந்தது. திருத்துநர் ஒருவர் வந்து பார்த்து, ஸ்ராட்டர் மோட்டார் பழுது, புதிதாகப் போட வேண்டும் என்றார். பற்றரி முந்திய ஆண்டிலேதான் மாற்றப்பட்டிருந்தது. இவர் காரைக் கவனிக்கவில்லை, சொன்ன நாட்களில் எழுப்பவில்லை என்ற முடிவுக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

“மாஸ்ரர், நான் ஒரு தவணையும் விடேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ” என்று அன்பர் எம்மிடம் வந்தார்.

நாம் திருத்துநர் அல்லோம். விஞ்ஞானம் படிப்பித்தவர். எனினும் சுணங்கும் காரைப் பற்றி எமக்கு ஒரு பழைய படிப்பு உண்டு.

1990 ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது எமக்கு வயது பத்து. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைசெய்யப்பட்டது, பற்றரியும் அவ்வாறே. பெற்றோர்களுக்கு அக்காலம் நினைவிருக்கும். பிள்ளைகள் அறிய வேண்டும். அந்நாட்களில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தராது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழாது. சில துளி பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன.

எமது ஒழுங்கையில் வாடகைக் கார் வைத்திருந்த அண்ணை ஒருவர், ஊசிமருந்து ஏற்றும் சிரிஞ்சில் பெற்றோல் எடுத்துக் காபரேற்றருக்குள் விடுவார். கைக்குழந்தைக்கு மருந்து பருக்குவது போலிருக்கும். சிறுவர்களாகிய நாம் தள்ளுவதற்குக் காத்து நிற்போம். ஆனால் அவர் உடனே தள்ள விடமாட்டார். திறப்பை ஒருமுறை திருப்பிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். “களைப்போ பசியோ எண்டு முதல் பாக்கவேணும். பசியெண்டால் தள்ளிப் பிரயோசனமில்லை” என்பார். இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பின்னர் நாம் படித்த எந்நூலிலும் கண்டிலோம்.

அதன் பொருளை இங்கு விரிப்போம். பெற்றோல் எஞ்சின் தானாக எழ வல்லதன்று. உருளைக்குள் முசலம் கீழிறங்கிக் காற்றையும் பெற்றோல் ஆவியையும் உறிஞ்ச வேண்டும். மேலேறி அதனை அமுக்க வேண்டும். அதன் பின்னரே தீப்பொறி. இம்முதற் சுழற்சியை வெளியிலிருந்து எவரேனும் கொடுத்தாக வேண்டும். 1906 இல் இம்மலைகளில் ஓடிய கார்களுக்குக் கைப்பிடியைச் செருகி மனிதரே சுழற்றினர். பின்னுக்குத் திருப்பி உதைத்துக் கையை முறித்துவிடும் என்று அஞ்சப்பட்ட வேலை அது. அமெரிக்காவின் சார்ல்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின் ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. ஆக, பற்றரியின் வலுவால் ஸ்ராட்டர் எஞ்சினைச் சுழற்றுகிறது. சுழலும் எஞ்சின் பெற்றோலை உறிஞ்சிப் பற்றவைத்துத் தன் வலுவில் ஓடத் தொடங்குகிறது. சுழல்வது மந்தமானால் களைப்பு. நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையானால் பசி, அல்லது பொறி இல்லை. கேட்கும் ஒலியிலேயே இவ்விரண்டும் வேறுபடும். களைத்த எஞ்சின் ‘ர்ர்... ர்ர்... ர்ர்’ என்று இழுபடும். பசித்த எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுழலும், ஆனால் எழாது.

வன்னியில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கொட்டிலில் வகுப்பெடுத்த நாட்களில், தேர்ச்சி அறிக்கையில் ‘மந்தம்’ என்று எழுதப் பேனாவை எடுக்கும் போதெல்லாம் எமக்கு அந்த அண்ணையின் கேள்வி நினைவுக்கு வருவதுண்டு. அது நிற்க.

மொண்டெல்லோவுக்கு ஒரு மல்ரிமீற்றருடன் சென்றோம். அன்பரின் மகள் எமது ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவளும் கொப்பியுடன் நின்றாள். திறப்பைத் திருப்பியதும் கேட்டது களைப்பின் ஒலி. திருத்துநர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் களைப்பு ஸ்ராட்டருடையதா, அதற்கு வலுவைக் கொண்டுசெல்லும் வழியினதா என்று அவர் பார்க்கவில்லை.

நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று அளவில் இருக்கும். இங்கு 12.2 இருந்தது, அதாவது பாதி வயிறு. எஞ்சினைச் சுழற்றும்போது 9.6 இற்குக் கீழே இறங்கலாகாது. இங்கு 9 இற்கு இறங்கியது. அடுத்து, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னோம். இரண்டும் தடித்த கம்பியால் இணைந்திருப்பவை, இடையே 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டலாகாது. இங்கே 1.2 காட்டியது.

மாணவர்கள் ஓமின் விதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய துப்பறிவாளன் என்பதை இவ்விடத்தில் கண்டுகொள்க. ஸ்ராட்டர் சுழலும்போது இத்தகைய காரில் 100 முதல் 200 அம்பியர் வரை மின்னோட்டம் பாயும். 150 அம்பியர் என்று கொண்டால், 1.2 வோல்ற்று இழப்புக்கு வேண்டிய தடை 1.2 ஐ 150 ஆல் வகுக்க வருவது: 0.008 ஓம். ஓர் ஓமின் நூறில் ஒரு பங்குகூட இல்லை! சாதாரண மீற்றரின் தடை அளவிடும் பகுதியில் வைத்தால் அது சுழியம் என்றே காட்டும்; கம்பி நல்லது என்று நாமும் ஏமாந்துபோவோம். ஓட்டம் பாயும்போது அளந்தாலன்றி அக்குற்றவாளி அகப்படான். எஞ்சினைக் கார்ச் சட்டத்தோடு இணைக்கும் பின்னிய கம்பியின் அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. கடற்காற்றின் வேலை. கழற்றி, உரசித் துலக்கி, இறுக்கினோம். பற்றரியை ஓரிரவு மின்னேற்றினோம்.

மறுநாள் ஸ்ராட்டர் பாட்டுப் பாடியது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் எஞ்சின் பற்றவில்லை! மாணவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது வினாடியில்தான் இருமிக்கொண்டு எழுந்தது. அன்பரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

களைப்பு நீங்கியதனால் பசி வெளிப்பட்டது என்பதே உண்மை. நாம் புகைக்குழாயின் அருகே மூக்கை வைத்திருந்தோம். நெடுநேரம் சுழன்றும் எழாத காரில் பெற்றோல் மணம் பலமாக வீசினால், எஞ்சின் அளவுக்கு மிஞ்சிக் குடித்து மூழ்கிவிட்டது என்று பொருள். மணமே இல்லையானால் உணவு போய்ச் சேரவில்லை. எழும்வரை மணம் இருக்கவில்லை.

இவ்வகைக் கார்களில் பெற்றோல் பம்பு எஞ்சினால் இயக்கப்படுவது. எஞ்சின் சுழன்றால்தான் அதுவும் உறிஞ்சும். அது அனுப்பும் பெற்றோல் காபரேற்றரிலுள்ள சிறு கிண்ணத்தில் நிரம்பும். நிரம்பியதும் மிதவை உயர்ந்து வாயிலை மூடிவிடும். எழுவதற்கு வேண்டிய உணவு அந்தக் கிண்ணத்திலிருந்தே வர வேண்டும். கிண்ணத்துக்குச் சிறு காற்றுத்துளை உண்டு. மூடிய போத்தலன்று அது. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியதும் எஞ்சினின் வெப்பம் மேலெழுந்து கிண்ணத்தைக் காய்ச்சும். அதன்மேல் பலெர்மோவின் கோடை. சிரோக்கோக் காற்று வீசும் நாட்களில் 40 பாகையைத் தாண்டும் வெக்கை. இரண்டு கிழமையில் கிண்ணம் வற்றிப்போகும். பிறகு வெறும் பம்பு பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்து, இரட்டைக் காபரேற்றர்களின் கிண்ணங்களை நிரப்பும்வரை ஸ்ராட்டர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அந்நெடுஞ்சுழற்சியில் இழந்த மின்னைப் பத்து நிமிட ஓட்டம் திரும்பக் கொடுக்கமாட்டாது. ஒவ்வொரு தவணையும் பற்றரி சிறிது சிறிதாக மெலிந்தது. பசியே களைப்பைப் பெற்றது. சொன்னபடி எழுப்பியதனாலேயே நோய் வளர்ந்தது என்றும் கூறலாம்.

ஊகம் போதாது, மெய்ப்பிக்க வேண்டும். காபரேற்றரின் தொண்டை தெரியும்படி காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, முடுக்கியை அசைத்தால் மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீச்ச வேண்டும். பீச்சினால் கிண்ணத்தில் உணவுண்டு. இரண்டு கிழமை கழித்து மீண்டும் சென்று அசைத்துப் பார்த்தோம்; ஒரு துளியும் இல்லை. அப்போது சிரிஞ்சை எடுத்தோம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஒழுங்கை கண்முன் வந்து போனது. மேல்மூடியைத் திறந்து கிண்ணங்களுக்குள் பெற்றோல் விட்டு, மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலையும்வரை பொறுத்திருந்து திறப்பைத் திருப்பச் சொன்னோம். முதற் சுழற்சியிலேயே கார் எழுந்தது.

(பிள்ளைகள் இதனைத் தாமாகச் செய்து பார்க்கலாகாது. பெற்றோலின் ஆவி நிலத்தோடு தவழ்ந்து சென்று தூரத்துப் பொறியிலும் பற்றும். காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிவந்த பின்னர், தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே நாம் செய்தோம். மூடிய கராச்சில் எஞ்சினை ஓடவிடுவதும் உயிராபத்து. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.)

இன்னுமொரு ஐயம் எஞ்சியிருந்தது. பம்பின் வாயில் பழுதுற்று, பெற்றோல் தாங்கிக்கே பின்வாங்கிச் செல்லலாமல்லவா? அப்படியானால் ஓரிரவு நின்றாலும் சுணங்க வேண்டும். எனவே மாணவியிடம் ஒரு வேலையை ஒப்படைத்தோம்: ‘நின்ற நாட்கள்’, ‘எழுந்த வினாடி’ என்று இரண்டு நிரல்கள். தமிழிலேயே எழுதினாள். ஒரு நாள் நின்றால் இரண்டு வினாடி. மூன்று நாளுக்கு மூன்று. ஏழு நாளுக்கு ஒன்பது. பதினான்கு நாளுக்குப் பதினேழு. கிண்ணம் மெல்ல வற்றுகிறதேயன்றிப் பம்பில் ஓட்டை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அக்கொப்பியை இத்தாலியில் பெயர்த்து அவளே வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் இரண்டு தடவை கேட்டார். பின்னர், தாமே பதினான்கு நாள் காரை நிறுத்திவைத்து எழுப்பிப் பார்த்தார்.

பெற்றோர் பலரிடம் உள்ளவை இத்தகைய கார்கள் அல்ல, காபரேற்றர் இல்லாத சிறு கார்கள் என்பதறிவோம். அவற்றில் பம்பு தாங்கிக்குள்ளேயே இருக்கும், மின்னால் இயங்கும். காலையில் எழச் சுணங்கினால், ஸ்ராட்டர்வரை செல்லாது திறப்பை அதற்கு முந்திய நிலையில் வைத்து, இரண்டு வினாடி பின்னிருக்கையின் கீழ் மெல்லிய இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். அணைத்து, இன்னும் இருமுறை அவ்வாறே செய்த பின்னர் எழுப்புங்கள். உடனே எழுந்தால், இரவில் பெற்றோலின் அமுக்கம் எங்கோ கசிகிறது. திருத்துநரிடம் செல்லும்போது அதைச் சொல்லுங்கள். ‘கார் எழவில்லை’ என்று மட்டும் சொல்பவருக்கும் இதைச் சொல்பவருக்கும் வரும் கணக்குச் சீட்டுகள் வேறுபடும்.

சிவப்புக் காருக்குப் புதிய ஸ்ராட்டர் போடப்படவில்லை. மின் பம்பு ஒன்றைச் சேர்க்கலாம் என்றோம். பழைய காரின் இயல்பை மாற்ற வீட்டுக்காரர் விரும்பவில்லை. பற்றரிக்கு ஒரு சிறு மின்னேற்றி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எழுப்பிய நாளில் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடாமல், அரைமணி நேரம் பெல்லெகிரினோ மலைவீதியில் ஓட்டிவருமாறு எமது அன்பரிடமே சொல்லியிருக்கிறார். சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு நேர்த்திக்கு நடந்து ஏறும் எம்மவர் சிலர் அக்காரில் அவரைக் கண்டு திகைத்ததாகக் கேள்வி. கொப்பி இன்னும் தொடர்கிறது. சென்ற கிழமை மாணவி கொண்டுவந்து காட்டிய பக்கத்தின் கடைசி வரி: நின்ற நாட்கள் 14, சிரிஞ்ச் விட்டது, எழுந்த வினாடி 1.